ஏழு வரமிளகாயும் ஒரு சீனக் கோப்பையும்

நான் ஒரு சந்தேகப் பிராணி. இதை முதலிலேயே நானாகச் சொல்லிவிடுகிறேன். பின்னால் என் மனைவி சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதற்கு இது எவ்வளவோ கௌரவம்.

கல்ஃபில், முசஃபா என்ற இடத்தில், எட்டுப் பேர் தங்கியிருந்த ரூமில் என் நல்லெண்ணெய் பாட்டிலில் மட்டும் பேனாவால் கோடு போட்டிருக்கும். சர்க்கரை டப்பாவைத் திறந்து, மேலாக விரலால் ஒரு வட்டம் போட்டு மூடிவிட்டுத்தான் டியூட்டிக்குக் கிளம்புவேன். திரும்பி வரும்போது வட்டம் கலைந்திருந்தால் மற்ற ஏழு பேரின் முகத்தையும் வரிசையாகப் பார்ப்பேன். (ஒருமுறை கலைத்தது எறும்பு என்று நிரூபணமானது. எறும்பு போகிற அளவுக்கு மூடியைத் தளர்த்தியது யார் என்பது மட்டும் இன்றுவரை தெரியவில்லை.)

இது நடந்தது 2005 வாக்கில். வெளிநாட்டுக்காரர்கள் ஊரைவிட்டுக் கிளம்பும்போது அவர்களுடைய வீட்டுச் சாமான்களைக் கட்டிக் கப்பலேற்றும் ஒரு கம்பெனியில் நான் ஸ்டோர் கீப்பர். அதற்கு முன் ஆறு வருடம் பேக்கர். என் குணத்தைப் பற்றி யார் என்ன சொன்னாலும், கண்ணாடிச் சாமான் கட்டுவதில் என் கைக்கு ஒரு பெயர் உண்டு. நான் கட்டியதில் ஒரு டம்ளர்கூட உடைந்ததில்லை.

கிடங்கில் எனக்கென்று ஓர் இரும்பு பீரோ இருந்தது. கம்பெனி கொடுத்த பூட்டு ஒன்று. கம்பெனியை நம்பாமல் நான் போட்ட பூட்டுகள் இரண்டு. எங்கள் சூப்பர்வைசர் வர்கீஸ் சேட்டன் திருச்சூர்க்காரர். மூன்றுக்கும் டூப்ளிகேட் சாவி தன்னிடம் இருந்தாக வேண்டும் என்று சட்டம் பேசி வாங்கி வைத்துக்கொண்டார். கொடுத்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் சுமதி, எங்கள் அருப்புக்கோட்டைதான். அடுத்த மாதம் லீவு, டிக்கெட் எல்லாம் தயார். எங்கள் எல்லோருடைய பாஸ்போர்ட்டும் மேனேஜர் அறை லாக்கரில் இருக்கும். லீவு சாங்ஷனானால்தான் கைக்கு வரும். இந்த ஒரு மாதத்தை ஒரு வில்லங்கமும் இல்லாமல் கடத்திவிட்டால் போதும் என்று நான் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆனால் நிச்சயம் ஆன நாளிலிருந்து எதுவும் சரியில்லை. பாத்ரூமில் வழுக்கினேன். செல்போன் பருப்புச் சட்டிக்குள் விழுந்தது. அப்புறம் இரண்டு நாள் காய்ச்சல். சாதாரண மனிதனாக இருந்தால் ஈரத்தரை, கவனக்குறைவு, ஏசி என்று மூன்று காரணம் சொல்லியிருப்பான். எனக்கு ஒரே காரணம்தான் தெரிந்தது. அதன் பெயர் செல்வராஜ்.

செல்வராஜ் திருநெல்வேலிப் பக்கம். என்னைவிட இரண்டு வயது இளையவர், பேக்கிங் பகுதிக்கு ஃபோர்மன். வர்கீஸ் சேட்டன் சீக்கிரம் ஊரோடு போகப்போகிறார், அந்த நாற்காலி எங்கள் இருவரில் ஒருவருக்கு என்று பேச்சு அடிபட்டது. அன்றிலிருந்து செல்வராஜ் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்தார். (முன்னாலும் சிரித்தவர்தான். ஆனால் அப்போது நான் கவனிக்கவில்லை.)

காய்ச்சல் விட்டு வியாழக்கிழமை டியூட்டிக்குப் போனேன். வாசலிலேயே செல்வராஜ் என்னை ஓரமாக இழுத்தார்.

"அண்ணாச்சி, ஒங்க பீரோக்குள்ள ஒண்ணு வச்சிருக்கு. நீங்க இல்லாதப்ப வச்சது. கை கிய்யி பட்டுறாமப் பாத்துக்கிடுங்க. யார்ட்டயும் மூச்சு விட்டுறாதீய."

சொல்லிவிட்டுச் சிரித்தார்.

இப்படி ஒரு சேதியை யாராவது உங்களிடம் சொன்னால் "யார் வைத்தது, என்ன அது?" என்று கேட்பீர்கள். நான் கேட்கவில்லை. கேட்டால் நான் பயந்துவிட்டேன் என்று தெரிந்துவிடும். "சரி சரி" என்று விறைப்பாகச் சொல்லிவிட்டு உள்ளே போய் மூன்று பூட்டையும் திறந்தேன்.

நடுத் தட்டில் ஒரு மரப்பெட்டி. உள்ளே மஞ்சள் பட்டுத்துணி. துணியை விலக்கினால் ஒரு பீங்கான் கோப்பை. உயரமான ஒற்றைக் கால், மேலே உள்ளங்கை அகலக் கிண்ணம். வெள்ளைமேல் நீலச் சித்திரம். அதுவரை சரி. சித்திரத்தை உற்றுப் பார்த்தேன். சுற்றிலும் தாமரை இதழ்கள், ஒவ்வோர் இதழுக்குள்ளும் ஓர் எழுத்து. தமிழ் இல்லை, இந்தி இல்லை, அரபி இல்லை, சீனமும் இல்லை. தலையில் கனத்த கோடு போட்டு, கீழே வால் இழுத்துத் தொங்கின. கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தேன். நட்டநடுவில் ஓர் ஒற்றை எழுத்து.

கையைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டேன். எங்கள் தெருவில் ஒரு வீட்டு நிலைப்படியைத் தோண்டியபோது கிடைத்த செய்வினைச் செப்புத்தகட்டை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். சுற்றிலும் இதழ், இதழுக்கு ஓர் எழுத்து, நடுவில் ஓர் எழுத்து. அதே அமைப்பு. இது செப்பில் இல்லை, பீங்கானில் இருந்தது, அவ்வளவுதான். கல்ஃபில் எல்லாமே கொஞ்சம் உயர்ந்த ரகமாகத்தானே கிடைக்கும்.

கொஞ்சநஞ்சச் சந்தேகமும் கோப்பையைத் துணியோடு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது தீர்ந்தது. கிண்ணத்தின் உட்புறம் ஒட்டிக்கொண்டு ஒரு முடி. நீளமான நரைமுடி. செய்வினையில் முடி இருக்கும் என்பது யாருக்குத்தான் தெரியாது!

ஊருக்குப் போன் போட்டேன். அம்மாவிடம் சொன்னால் அழுவாள், அதனால் அத்தைக்கு. எங்கள் அத்தை இந்த விஷயங்களில் கிட்டத்தட்ட ஒரு டாக்டர். முழுதும் கேட்டாள்.

"ஏய்யா முருகேசா, வெறுங்கையால தொட்டியா?"

"துணியோடதான் அத்த."

"நல்லதாப் போச்சு. கல்லுப்பு ரெண்டு கை, வரமொளகா ஏழு. அதோட சேத்துச் செவப்புத் துணியில கட்டு. கடல்ல விட்டுரு. நீ விடப்படாது, வேற ஆள விட்டு விடணும். விடுறவுக திரும்பிப் பாக்கக் கூடாது. சீமைக்குப் போயும் விடமாட்டேங்காளுகளே, பாவிக!"

பாவிகள் யார் என்று நானும் கேட்கவில்லை, அத்தையும் சொல்லவில்லை. இருவர் மனதிலும் ஆளுக்கொரு பெயர் இருந்தது.

பக்கத்து வெல்டிங் கடையில் தோல் கையுறை இரவல் வாங்கினேன். எங்கள் ரூமிலிருந்து இடுக்கியைக் கொண்டுவந்தேன். (சப்பாத்தி திருப்புகிற இடுக்கி. அப்புறம் அதை வைத்துச் சப்பாத்தி திருப்பியபோது நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.) கையுறை போட்டு, இடுக்கியால் அந்தக் கோப்பையின் காலைப் பிடித்துத் தூக்கினேன். அந்தக் காட்சியை இப்போது நினைத்தாலும் எனக்கு முதுகு சில்லிடுகிறது. அன்று சில்லிட்டதற்குக் காரணம் வேறு.

உப்பு, மிளகாய், சிவப்புத் துணி எல்லாம் அத்தை சொன்னபடி. முடிச்சுப் போட்டேன். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் ஆறு வருடப் பழக்கம் கையை விடுமா? கை தானாகப் போய் பபிள் ஷீட்டை எடுத்தது. ஐந்து சுற்று. மூலைக்குத் தெர்மோகோல். அட்டைப்பெட்டி. குறுக்கும் நெடுக்கும் டேப். கடைசியில், பழக்க தோஷத்தில், கோப்பைப் படம் போட்ட சிவப்பு 'உடையும் பொருள்' ஸ்டிக்கரையும் ஒட்டிவிட்டேன்.

கடலில் விட ஆள் வேண்டுமே. எங்கள் தெருமுனையில் கஃபட்டேரியா வைத்திருந்தவர் ஜப்பார் பாய், கீழக்கரைக்காரர். ரூமில் சமைக்காத நாளெல்லாம் நான் அங்கேதான் சாப்பிடுவேன். வெள்ளிக்கிழமை தவறாமல் காலையில் துறைமுகத்து மீன் மார்க்கெட்டுக்குப் போவார். அன்று சாயங்காலம் பெட்டியை அவரிடம் நீட்டினேன்.

"பாய், நாளைக்கு மீனு வாங்கப் போறப்ப இதக் கடல்ல போட்டுருங்க. தொறந்து பாக்க வேணாம். போட்டுட்டுத் திரும்பிப் பாக்காம வந்துருங்க."

பாய் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஸ்டிக்கரைப் பார்த்தார்.

"உள்ள என்ன தம்பி?"

"ஒண்ணுமில்ல பாய். பழசு."

"சரி, வச்சிட்டுப் போ."

மறுநாள் வெள்ளிக்கிழமை. பத்து மணிக்குக் கஃபட்டேரியா பக்கம் போனேன். பாய் சமையலில் இருந்தார். உள்ளே இருந்தபடியே, "போட்டாச்சு தம்பி, போட்டாச்சு" என்று குரல் கொடுத்தார். அன்று இரண்டு பிளேட் பிரியாணி சாப்பிட்டேன். பாட்டில் கோட்டைக்கூடப் பார்க்காமல் மத்தியானம் தூங்கினேன். உடம்பு இறகு மாதிரி லேசாக இருந்தது.

சனிக்கிழமை காலை கிடங்கு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. சீன முகத்தோடு அறுபது வயதிருக்கும் ஓர் அம்மாள் இறங்கினார். கூடவே இன்சூரன்ஸ்காரர், எகிப்து தேசத்து ஆள், கையில் ஃபைல். வர்கீஸ் சேட்டன் ஓடிவந்து, "இது ஓங் மேடம். நம்மட கஸ்டமர்" என்று அறிமுகம் செய்துவிட்டு என் பீரோவைக் காட்டினார். "மேடத்திண்ட கோப்பை இவனோட பீரோவிலாணு. கம்பெனி லாக்கரைவிட அதுதான் சேஃப். மூணு பூட்டு! இவன் ஒருத்தரையும் நம்ப மாட்டான், அதனாலதான் நான் இவனை நம்பி அங்க வச்சது. செல்வராஜிடம் சொல்லி அனுப்பினேனே, சொன்னானோ?"

செல்வராஜ் தூரத்திலிருந்து தலையை ஆட்டிச் சிரித்தார். அப்போதுதான், அந்த ஒரு நொடியில்தான், அது வெறும் சிரிப்பு என்று எனக்குப் புரிந்தது.

"திறக்கு" என்றார் சேட்டன்.

நான் மூன்று பூட்டையும் என் வாழ்நாளிலேயே மிக மெதுவாகத் திறந்தேன். நடுத் தட்டில் காலி மரப்பெட்டியும், மடித்த மஞ்சள் பட்டும், கட்டும்போது சிந்திய கொஞ்சம் கல்லுப்பும் இருந்தன.

"சாதனம் எவிடே?" சேட்டன் குரல் கீச்சென்று வந்தது. பொருள் எங்கே என்கிறார்.

பொய் சொல்லலாம் என்று யோசித்தேன். ஆனால் பூட்டு என்னுடையது, சாவி என்னுடையது, உப்பும் என்னுடையது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இதழ், எழுத்து, முடி, அத்தை, மிளகாய், கடல். சேட்டன் ஒவ்வொரு வார்த்தையாக மேடத்துக்கு இங்கிலீஷில் சொன்னார். 'செய்வினை' வந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் திணறினார். மேடம் அப்படியே ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டார். இன்சூரன்ஸ்காரர் ஃபைலை மூடி, "கலாஸ்" என்றார். எல்லாம் முடிந்தது என்கிறார்.

அது என்ன பொருள் என்பதைச் சேட்டன் அப்புறம்தான் என்னிடம் சொன்னார். ஐந்நூறு வருடத்துக்கு மேல் பழையது. சீனாவில் ஓர் அரசர் தன் அரண்மனைச் சூளையில் புத்தர் வழிபாட்டுக்கென்றே செய்யச் சொன்னது. மேடத்தின் குடும்பத்தில் நான்கு தலைமுறையாகப் புத்தருக்கு முன்னால் தண்ணீர் வைத்த கோப்பை. கணவர் ரிட்டயராகி இருவரும் சிங்கப்பூருக்குத் திரும்புகிறார்கள். அதைக் கையோடு கொண்டுபோகப் பேப்பர் தயாராகும்வரை இரண்டு நாள் பத்திரமாக வைக்கத்தான் எங்களிடம் கொடுத்திருக்கிறார்.

எனக்குக் கண்ணில் தெரிந்ததெல்லாம் மேனேஜர் அறை லாக்கரும் அதற்குள் இருக்கும் என் பாஸ்போர்ட்டும்தான். இனி அது வெளியே வராது. நான் போலீஸுக்குப் போவேன். அருப்புக்கோட்டையில் சுமதி கல்யாணப் பத்திரிகையில் தன் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள் என்று நினைத்தபோது நான் அழுதுவிட்டேன். முப்பது வயசு ஆம்பிளை, ஃபோர்க்லிஃப்ட் டிரைவர்கள் பார்க்க அழுதேன்.

மேடம் எழுந்தார். "போட்ட இடத்தைக் காட்டச் சொல்" என்றார். அவ்வளவுதான். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இடம் ஜப்பார் பாய்க்குத்தானே தெரியும். பிக்கப் வண்டியின் முன்சீட்டில் மேடமும் சேட்டனும், பின்னால் நானும் செல்வராஜும், எங்களுக்குப் பின் காரில் இன்சூரன்ஸ்காரரும் கஃபட்டேரியாவுக்குப் போனோம். செல்வராஜ் வழியெல்லாம் என் முதுகில் கையை வைத்திருந்தார். "கெடைச்சிரும் அண்ணாச்சி. கரையோரமாத்தாம் போட்டிருப்பாரு" என்றார். எனக்குச் செய்வினை வைத்ததாக நான் இரண்டு நாளாகச் சபித்துக்கொண்டிருந்த ஆள்!

உள்ளே டீக்குக் கூட்டம். கல்லாவில் ஜப்பார் பாய். ஒரு பட்டான் டிரைவர் சாப்பிட்டு முடித்துப் போகிற போக்கில் கல்லா மேசைக்குக் கையை நீட்டி ஒரு சிட்டிகை சோம்பை எடுத்து வாயில் போட்டார். மேடம் 'ஹா' என்று ஒரு சத்தம் கொடுத்தார். எல்லோரும் அவரைப் பார்த்தோம். அவர் சோம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உயரமான ஒற்றைக் கால். வெள்ளைமேல் நீலம். சுற்றிலும் தாமரை இதழ். நிறையச் சோம்பு.

"பாய்!" என்று அலறினேன். "போட்டாச்சுன்னீங்களே!"

"போட்டேன் தம்பி, பொய்யா சொல்றேன்? உப்பு, மொளகா, செவப்புத் துணி, அட்டப்பெட்டி, அம்புட்டையும் கடல்ல போட்டேன். நல்ல பீங்கான எதுக்குப் போடணும்? இந்தா பாரு, இருவது வருசமா இங்க இருக்கேன். அடுத்தவன் குடுத்த பார்சல தொறந்து பாக்காம நான் பெத்த மகனுக்குக்கூடக் கொண்டுபோனதில்ல. கடல்ல எறியப் போற சாமானுக்கு எவனாவது ஒடையிற பொருள்னு ஸ்டிக்கர் ஒட்டுவானா? அப்பவே எனக்குச் சந்தேகம். தொறந்து பாத்தேன், விசயம் வெளங்கிருச்சு. பிஸ்மி சொல்லிக் கழுவி வச்சிட்டேன். போடலன்னு சொன்னா நீ தூங்க மாட்டியேன்னு போட்டாச்சுன்னேன்."

மேடம் கல்லாவை நெருங்கினார். இரண்டு கையாலும் கோப்பையை எடுத்தார். சோம்பைக் கவனமாக ஒரு தட்டில் கொட்டினார். வாய் விளிம்பில் விரலை ஓட்டினார், காலைத் தடவினார், வெளிச்சத்தில் தூக்கி உள்ளே பார்த்தார். ஒரு கீறல் இல்லை. இன்சூரன்ஸ்காரர் மறுபடி ஃபைலைத் திறந்தார்.

பிறகு மேடம் என் பக்கம் திரும்பி, இதழ்களைக் காட்டி மெதுவான இங்கிலீஷில் சொன்னார். "இந்த எழுத்து எங்கிருந்து வந்தது தெரியுமா? உங்கள் தேசத்திலிருந்து. சமஸ்கிருத மந்திரம். சீனாவில் இதை வரைந்தவனுக்குப் படிக்கத் தெரிந்திருக்காது, பார்த்துப் பார்த்து வரைந்திருப்பான். கெட்டது எதுவும் அண்டாமல் காப்பாற்று என்று அர்த்தம்."

கெட்டது அண்டாமல் இருக்கக் காவலையே கட்டிக் கடலுக்கு அனுப்பியிருக்கிறேன். அந்த இடத்தில் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் குணம் என்று ஒன்று இருக்கிறதே.

"அப்படின்னா மேடம்," என்று என் ஓட்டை இங்கிலீஷில் கேட்டேன், "அந்த நரைமுடி யாருது?"

மேடம் ஒரு கணம் விழித்தார். பிறகு மெதுவாகக் கையைத் தன் நரைத்த தலைக்குக் கொண்டுபோனார். முதலில் சிரித்தது ஜப்பார் பாய். அப்புறம் சேட்டன், செல்வராஜ், விஷயமே தெரியாத பட்டான் டிரைவர். கடைசியில் மேடமும் சிரித்தார். சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்து, மழலைத் தமிழில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"பைத்யாம்."

சிங்கப்பூரில் அவருடைய அப்பாவின் மளிகைக்கடையில் தமிழ் ஆட்கள் வேலை பார்த்தார்களாம். சின்ன வயதில் கற்றுக்கொண்ட மூன்று வார்த்தைகளில் அது ஒன்று. மற்ற இரண்டும் 'தண்ணி', 'போதும்'.

மேனேஜரிடம் மேடம் புகார் கொடுக்கவில்லை. கோப்பையை நான்தான் கட்டித் தர வேண்டும் என்று மட்டும் நிபந்தனை போட்டார். "பயந்துகொண்டு கட்டியதே உடையவில்லை" என்றாராம். கட்டினேன், இந்த முறை உப்பில்லாமல். எனக்கு லீவு கிடைத்தது. சூப்பர்வைசர் நாற்காலி செல்வராஜுக்குக் கிடைத்தது. அதில் எனக்குச் சந்தேகம் எதுவும் எழவில்லை. அது அவருக்குத்தான் கிடைத்திருக்க வேண்டும்.

செல்வராஜும் அப்போது லீவில் வந்து என் கல்யாணத்துக்கு அருப்புக்கோட்டைக்கு வந்தார். மேடையேறி ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டுச் சிரித்தார். சுமதி அதை அங்கேயே பிரித்தாள். பபிள் ஷீட் ஐந்து சுற்று, சிவப்புத் துணி, கல்லுப்பு, எண்ணி ஏழு வரமிளகாய். நடுவில் ஒற்றைக் கால் வைத்த பீங்கான் கோப்பை, நீலப்பூ போட்டது, துபாய் பஜாரில் வாங்கியது. முன்வரிசையில் இருந்த அத்தை நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். அவளைச் சமாதானம் செய்வதற்காகச் செல்வராஜ் முழுக் கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று. மைக் ஆனில் இருந்தது.

அந்தக் கோப்பை இன்றும் எங்கள் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது, நிறையச் சோம்போடு. வீட்டுக்கு யார் வந்தாலும் சுமதி முதலில் சோம்பை நீட்டுவாள், அப்புறம் கதையை. நானும் கூடவே சிரிப்பேன். ஆனால் கையை விடுவதற்கு முன் கோப்பைக்குள் ஒரு தடவை எட்டிப் பார்ப்பது மட்டும் இன்னும் என்னை விடவில்லை. எவ்வளவு ரகசியமாகப் பார்த்தாலும் சுமதி கவனித்துவிடுகிறாள்.

"தேடாதீங்க," என்கிறாள். "முடி இருந்தா அது என்னுதுதான். எனக்கும் நரைச்சிருச்சு, பைத்யாம்."